குரலா பாட்டா

என் நண்பனுக்கு ஆபரேஷன் என்று எனக்குத் தெரிவதற்கு முந்தின வாரம்தான் நான் அப்படிப் பேசினேன். கம்போங் ராஜா என்ற மலையூரில் லோரிகள் திரும்பும் முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறுவதற்கு நாங்கள் இருவரும் அங்கேதான் சந்திப்போம். அன்றைக்கும் வழக்கமான சண்டைதான். ஒரு ராக் குழுவில் பாடுகிறவனின் குரல் பெரிதா, பாட்டை எழுதுகிறவனின் திறமை பெரிதா.

“தொண்டை தேஞ்சு போயிடும் மச்சான். பாட்டு தேயாது லா,” என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் அவன் மேசையைத் தட்டுவான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்தபடி பேசாமல் இருந்தான். ஒரு வழியாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக இன்னொரு கிளாஸ் தே தாரிக் கொண்டுவரச் சொன்னேன். அவன் சட்டைப் பையில் அந்த நேரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் இருந்தது என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.

நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் பிறந்தவர்கள். இப்போது இருவருக்கும் ஐம்பத்து நாலு வயது. நான் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறேன். கொழுந்தை உருட்டும் மெஷின்களுக்குப் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக வேலை. அவன் கல்யாணத்துக்குப் பிறகு கோலா தெர்லாவுக்குப் போய், மனைவியோடு சேர்ந்து பிளாஸ்டிக் கூரைக்கடியில் சாமந்தி போடுகிறான்.

வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டு எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவன் பதினேழு வயதில் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் அறை கூட்டும் வேலைக்குப் போனதுதான். முதுகுப்பை மாட்டிக்கொண்டு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கேசட்டுகளை மறந்துவிட்டுப் போவார்கள். அவன் அவற்றை லயத்துக்குக் கொண்டுவருவான். பாதி கேசட்டுகளுக்கு அட்டை இருக்காது. ஒன்றிரண்டில் பேனாவால் எதையோ கிறுக்கியிருப்பார்கள். பாடுவது யார், எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. அதனால் நாங்களே பெயர் வைத்தோம்.

உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கிற குரல்காரனுக்கு வெள்ளிச் சங்கு என்று அவன் பெயர் வைத்தான். மூக்கால் பாடுகிற ஒருவனுக்கு நான் மூக்கன் என்று வைத்தேன். பல வருஷம் கழித்து அவர்களுடைய நிஜப் பெயர்கள் தெரிந்தன, படங்களும் பார்த்தோம். வெள்ளிச் சங்கின் பாட்டுகளில் முக்கால்வாசியை அவனுக்குப் பின்னால் மேடை மூலையில் நின்று கிட்டார் வாசிக்கும் ஒருவன்தான் எழுதினான் என்பதும் தெரிந்தது. அவனுக்கு மூலைக்காரன் என்று பெயர் விழுந்தது. நிஜப் பெயர் தெரிந்த பிறகும் எங்களுக்குள் அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன.

அவன் வெள்ளிச் சங்கின் கட்சி. நான் மூக்கனும் மூலைக்காரனும் சேர்ந்த கட்சி.

“மூக்கனுக்குக் குரலே இல்ல. துருப்பிடிச்ச கேட்டைத் தொறக்குற மாதிரி இருக்கு,” என்பான் அவன்.

“அந்தக் கேட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாருடா. அவன் எழுதுனத எத்தன பேரு எடுத்துப் பாடிட்டானுங்க. வெள்ளிச் சங்குக்கு மூலைக்காரன் எழுதிக் குடுக்கலன்னா டெலிபோன் புக்கத்தான் பாடணும்.”

“அவன் டெலிபோன் புக்கப் பாடுனாலும் நான் கேப்பேன் லா.”

அவனிடம் ஒரு வாதம் இருந்தது. அதற்கு என்னால் கடைசிவரை சரியான பதில் சொல்ல முடிந்ததில்லை. “மச்சான், நமக்கு அப்ப இங்கிலீஷ் எங்க தெரிஞ்சது? ஒரு வார்த்த புரியாம ரெண்டு பேரும் உக்காந்து அழுதோமே. எதுக்கு அழுதோம்? எழுதுனவனுக்காகவா?” என்று கேட்பான். நான் மெட்டைச் சொல்வேன், மெட்டும் எழுதினவனுடையதுதானே என்பேன். ஆனால் அழுதது மெட்டுக்காக இல்லை என்று எனக்கும் தெரியும். வெள்ளிச் சங்கு ஒரு இடத்தில் மேலே ஏறுவான், மூச்சு முடிகிற நேரத்தில் குரல் லேசாகக் கீறும். அந்தக் கீறலுக்குத்தான் அழுதோம்.

இருபது வயதில் தோட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். அவன் பாட்டு, நான் கிட்டார். தமிழில் பாட்டுகளும் நானே எழுதினேன், எல்லாம் மெஷின் சத்தத்துக்குள் நின்று மனதில் எழுதியவை. திருவிழாவிலும் கல்யாணங்களிலும் வாசித்தோம். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே என்னுடையது ஒன்றை நுழைத்துவிடுவோம். ஒரு முறை ஈப்போவில் நடந்த போட்டிக்குப் போனோம். அங்கே பாடியது என் பாட்டுதான். காலைப் பனியில் ஊரை விட்டுப் போகும் பஸ்ஸைப் பற்றியது.

*பனி விலகும் முன்னாலே பஸ் கிளம்பிப் போயிருச்சு*
*கையாட்ட வந்தவ பனியப் பாத்துக் கையாட்டுனா.*

அவனுக்குச் சிறந்த பாடகன் பரிசு கிடைத்தது. அறிவிப்பாளர் மேடையில் நின்று, “இந்த அருமையான சினிமாப் பாடலைப் பாடிய” என்று அவனைக் கூப்பிட்டார். அவன் போய்ப் பரிசை வாங்கினான், சிரித்தான், இறங்கி வந்தான். அது என் நண்பன் எழுதியது என்று மைக்கில் சொல்லவில்லை. அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவன் வஞ்சகன் இல்லை. நானும் அதைப் பற்றி ஒரு நாளும் அவனிடம் கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷத்துக்குப் பிறகு மூலைக்காரனுக்காக நான் போட்ட சண்டைகளின் சூடு வேறு மாதிரி இருந்தது. குழு கலைந்தது. டிரம்ஸ் வாசித்தவன் ஜொகூருக்குப் போனான், இன்னொருவன் சிங்கப்பூருக்கு. சண்டை மட்டும் எங்கள் இருவரிடம் தங்கிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே சண்டை என்றால் அதில் சுவாரஸ்யம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? கடைசி சில வருஷங்களில் இருவரும் பாதித் தூக்கத்தில்தான் அதைப் பேசினோம். அவன் எந்த இடத்தில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். என் பதில் அவனுக்குத் தெரியும். அவன் மனைவி ஒரு நாள் பூவைக் கட்டுக் கட்டாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “ஏண்ணே, எந்த வெள்ளைக்காரன் பெரியவன்னு நீங்க ரெண்டு பேரும் இத்தன வருஷமா அடிச்சுக்கிறீங்களே. அவனுங்களுக்கு கோலா தெர்லா எங்க இருக்குன்னு தெரியுமா?” இருவரும் சிரித்தோம். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே பேச்சு.

நான் தொண்டை தேயும் என்று சொன்ன அடுத்த வாரம் அவன் கடைக்கு வரவில்லை. அவன் மனைவிதான் போன் பண்ணினாள். கழுத்தில் கட்டி, எடுக்க வேண்டும், நல்ல கட்டி இல்லை என்றாள். குரல் நாணுக்குப் போகும் நரம்பின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாமலும் போகலாம் என்று.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனேன். அவன் பூக்கொட்டகையில் உட்கார்ந்து தண்டுகளை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா சொல்லல?”

“என்னத்தச் சொல்றது?”

“அன்னிக்கு நான் பேசுனது... தெரியாம பேசிட்டேன்டா.”

“தெரியாமத்தான பேசுன. விடு லா,” என்றான். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “கிட்டாரு இருக்கா, கறையான் தின்னுருச்சா?” என்று கேட்டான்.

ஆபரேஷனுக்கு முன்னால் தன் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் விருப்பம். ஸ்டூடியோ வேண்டாம், கொட்டகையிலேயே போதும், போனில் எடுத்தால் போதும் என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று பேசிக்கொண்டோம்.

அந்த வாரம் முழுவதும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கிட்டாரை எடுத்து விரல்களைப் பழக்கினேன். கம்பி மாற்றினேன். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவன் முன்பு பாடிய என் பாட்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, வார்த்தைகள் அவனுக்கு மறந்திருக்கும் என்பதால், கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் கேட்பான், உடனே எடுத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி பூ வாளிகளை ஓரம் தள்ளி, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். போட்டோவுக்கு நிற்கப்போகிறவன் மாதிரி இருந்தான். கட்டி எங்கே என்று என் கண் அவன் கழுத்தைத் தேடியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

முதலில் வெள்ளிச் சங்கின் பாட்டு. எங்கள் பதினேழு வயதுப் பாட்டு. தொடக்கத்தில் அவன் குரல் சற்றுக் கரகரத்தது. இரண்டாவது அடியில் சரியானது. அந்த உச்சத்துக்கு வந்தபோது நான் கிட்டாரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன், ஏறாமல் போனால் அவன் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. ஏறினான். ஏறி அங்கேயே நின்றான். பக்கத்து நிலத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர்கள் இருவர் கத்தரியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். முடிந்ததும் ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

இரண்டாவதும் வெள்ளிச் சங்கு. மூன்றாவது வேறொரு குழு, அதுவும் உச்சக் குரல்தான். அதற்குள் மழை வந்து பிளாஸ்டிக் கூரையில் விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் மூன்று பேரும் கோப்பி குடித்தபடி காத்திருந்தோம். மழை விட்டதும் அவன் எழுந்து நின்றான். இப்போது என்னுடையது என்று நினைத்தேன். கை சட்டைப் பைக்குப் போனது. அவன் மறுபடியும் வெள்ளிச் சங்கைத்தான் தொடங்கினான். சுருதியைப் பிடித்து நான் பின்னால் ஓடினேன்.

அது முடிந்ததும், “போதும் லா. தொண்ட கட்டுது,” என்றான்.

அவன் மனைவி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணனோட பாட்டு ஒண்ணு பாடுங்களேன்.”

“அது இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவன் வாளிகளை மறுபடி உள்ளே இழுக்க ஆரம்பித்தான்.

நான் கிட்டாரை உறையில் போட்டேன். மோட்டாரில் வீடு வரும் வழியெல்லாம் மனது ஒன்றையுமே யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தாள் கையில் பட்டது. சாகக் கிடக்கிறவனிடம் போய்க் கோபப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. கோபம் போகவும் இல்லை. உலகத்தில் கோடிப் பேர் வெள்ளிச் சங்கின் பாட்டை நிஜக் குரலிலேயே கேட்கலாம். என் பாட்டு அவன் தொண்டையைத் தவிர வேறு எங்கே இருக்கிறது? முப்பது வருஷம் நான் வாதாடியது என்னவோ எழுதுகிறவனுக்காக, ஆனால் எனக்கே அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொல்ல முடியாது.

ஆபரேஷன் அன்று அவன் மனைவியோடு நானும் ஈப்போ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் அதை மலாயில் மெதுவாக, இரண்டு முறை சொன்னார். அவன் மனைவி, “உசுரு இருக்குல்ல டாக்டர், அது போதும்,” என்று தமிழிலேயே பதில் சொன்னாள்.

அதன் பிறகு அவன் பேசினால் காற்றுதான் வந்தது. டயரில் முள் குத்தினால் வருமே, அந்த மாதிரி. நிலத்தில் ஆட்களைக் கூப்பிட முடியவில்லை என்று ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு முறை ஊதினால் வா, இரண்டு முறை ஊதினால் தண்ணீரை அடை. போனை எடுப்பதை விட்டுவிட்டான். திருவிழாவில் வழக்கமாக அவன்தான் பாடுவான். அந்த வருஷம் யாரும் அவனைக் கேட்கவும் இல்லை, ஏன் கேட்கவில்லை என்று சொல்லவும் இல்லை. கடைசி வரிசையில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கடைக்குத் திரும்பி வந்தான். லோரிகள் போகிற சத்தத்தில் அவன் பேசுவது கேட்கவில்லை. நான் எழுந்துபோய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, காதைக் கொடுத்தேன்.

“நீ சொன்னதுதான் சரி,” என்றான்.

“எது?”

“தொண்ட தேயும். பாட்டு தேயாது.”

“சும்மா இருடா,” என்றேன். அவன் விடவில்லை. மூக்கன் எவ்வளவு பெரிய ஆள் என்று இப்போதுதான் புரிகிறது என்றான். மூலைக்காரன் இல்லாமல் வெள்ளிச் சங்கு ஒன்றுமே இல்லை என்றான். நான் முப்பது வருஷம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக, காற்றுக் குரலில், மூச்சு வாங்கி வாங்கி என்னிடமே சொன்னான். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “அப்படி இல்லடா, குரல் இல்லன்னா காகிதம்தான்டா,” என்று நான் ஆரம்பித்தேன். அவன் பழைய வாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாமல் அழுதோமே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று அவனிடமே கேட்டேன். “அது சின்ன வயசு,” என்றான்.

இப்படியே பல ஞாயிறுகள் போயின. அவன் எனக்காக விட்டுக்கொடுத்தானா, நிஜமாகவே மனம் மாறிவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசியதில் எவ்வளவு பாசம், எவ்வளவு உண்மை என்பதும் தெரியவில்லை. இருவருக்கும் அலுத்துவிட்டது. பேசாமல் இருந்தால் அவன் தொண்டையைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கும் என்பதால் பேசினோம்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. வாரம் முழுக்கக் காலை ஷிப்ட். முட்டி வலி வேறு. சுற்றுலாக்காரர்கள் ஓட்டிவந்த காடிகள் பிரிஞ்சாங்கிலிருந்து ஒரே வரிசையாக நின்று, கடைக்கு வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் மறுபடியும் மூக்கனைத் தூக்கிப் பேச ஆரம்பித்தான்.

“எழுதுறவன் அவ்ளோ பெரியவன்னா, அன்னிக்கு ஏன்டா என் பாட்டு ஒண்ணு கூட பாடல?”

கேட்ட பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. கடைக்காரர் ரொட்டிக் கல்லிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து, காதருகே வந்தான்.

“அதையா மனசுல வச்சிருக்க? இத்தன மாசமா?”

“ஆமாடா.”

“மச்சான், வெள்ளிச் சங்குப் பாட்டு இனிமே வராதுன்னு தெரியும். அதான் புடிச்சு வச்சேன். உன் பாட்டு எங்க போகப்போகுது? அதுல மேல ஏறுற வேலையே இல்ல. பேசுற மாதிரித்தான் இருக்கும். தொண்ட போனாலும் அது மிஞ்சும்னு நெனச்சேன். அப்புறமாப் பாடிக்கலாம்னு வச்சிருந்தேன்.”

இவ்வளவு சொல்ல அவன் நான்கு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

“பாடிப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன். வீட்ல யாரும் இல்லாதப்ப.”

“வந்துச்சா?”

இல்லை என்று தலையை ஆட்டினான். “வரி ரொம்ப நீளம் லா. நாலு வார்த்தைக்கு மேல காத்து நிக்கல.”

அன்று வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்தேன். பாட்டு தேயாது என்று மார்தட்டிய நானே என் பாட்டைத் தேய்த்தேன். அதில் பெரிய உணர்ச்சி ஒன்றும் இல்லை, ஓட்டையான கூரைக்குத் தகரம் வெட்டுகிற மாதிரி வேலைதான். ஒவ்வொரு வரியையும் மூன்று வார்த்தைக்குள் கொண்டுவந்தேன். நடுவில் அவன் மூச்சு விட இடம் வைத்தேன். மெட்டை இன்னும் கீழே இறக்கினேன். அவன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “பஸ்ஸுன்னு சொன்னா காத்தெல்லாம் அதுலயே போயிடுது,” என்றான். பஸ்ஸை வண்டி ஆக்கினேன். கடைசியில் இப்படி நின்றது:

*வண்டி போச்சு.*
*பனி நிக்குது.*
*கையாட்டினேன் அதுக்கு.*

கொட்டகையில் அவன் அதைப் பாடினான். பாடினான் என்று சொல்லலாமா தெரியவில்லை. சில வார்த்தைகளில் குரல் இருந்தது, சிலவற்றில் காற்று மட்டும் இருந்தது. யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. நான் கிட்டாரை மிக மெதுவாக வாசித்தேன், அவனை மூடிவிடக் கூடாதே என்று. முடித்ததும் தண்ணீர் குடித்தான்.

“எப்டி?”

“பரவால்ல.”

“பொய் சொல்லாத. பழசுதான் நல்லா இருந்துச்சு. கையாட்ட வந்தவ போயிட்டாளே இதுல.”

“ஆமா, பழசுதான் நல்லா இருந்துச்சு,” என்றேன்.

போனில் பதிவு செய்யலாமா என்று அவன் மனைவி கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவன் அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை. பூ சுற்றும் மேசைக்கு மேலே, மழைத் தண்ணீர் படாத இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். வேலை செய்துகொண்டே முணுமுணுப்பதாக அவன் மனைவி சொல்கிறாள். எனக்கு முன்னால் செய்வதில்லை.

பேச்சுப் பயிற்சிக்காக மாதம் ஒரு முறை ஈப்போவுக்குப் போக வேண்டும். அவனால் தனியாகக் காடி ஓட்டி, போகவர மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்பதால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு என் காடியில் கூட்டிப் போகிறேன். பயிற்சி கொடுப்பது சின்ன வயது மலாய்ப் பெண். அவனை எதிரே உட்காரவைத்து, மூக்குக்குள் ஒரு சத்தத்தை எழுப்பி நீளமாக இழுக்கச் சொல்லுவாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். “பாக் சிக், இது போன முறையைவிட நீளம்,” என்று மலாயில் சொல்லுவாள். பாக் சிக் என்றால் மாமா மாதிரி. அவன் பாடகனாக இருந்தான் என்று நான் அவளிடம் சொல்லப் பார்த்தேன். அவன் என் கையை அமுக்கி நிறுத்திவிட்டான்.

போன மாதம் அவள், இதற்கு மேல் பயிற்சியால் பெரிய மாற்றம் வராது, வேண்டுமானால் குரல் நாணைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் பேசுங்கள் என்றாள். பேச்சு இன்னும் தெளிவாகலாம், உச்சக் குரல் திரும்பாது. அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

திரும்பி வரும்போது சிம்பாங் பூலாய் ரோட்டில் காய்கறியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த இடமில்லை. அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து ரேடியோவைக் குறைத்தேன்.

“கத்தி வைக்கணுமா மச்சான் மறுபடியும்?” என்றான், கண்ணைத் திறக்காமல்.

“உனக்கு எப்டித் தோணுது?”

“களைப்பா இருக்கு லா.”

“அப்ப கொஞ்ச நாள் போகட்டும்.”

“உன் தங்கச்சி செய்யணும்ங்கிறா.” தன் மனைவியை என்னிடம் அப்படித்தான் சொல்லுவான்.

“அவ கிட்ட நான் பேசுறேன்,” என்றேன்.

கோலா தெர்லாவுக்கு வந்து சேர்ந்தபோது அவன் மனைவி கொட்டகை வாசலில் வாளிகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். மத்தியான லோரிக்குப் பூ போக வேண்டும். அவன் இறங்கி, நேராக உள்ளே போய்ச் சட்டையை மாற்றப் போனான்.

“என்னண்ணே சொன்னாங்க?”

சொன்னேன். அவனுக்குக் களைப்பாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அவரு பாட வேணாம்ணே. அந்தக் கோடியில நின்னு என் பேரச் சொல்லிக் கூப்ட்டா போதும். விசிலுக்குத் திரும்புறது எனக்குப் புடிக்கல.”

வாளி ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். மூவரும் சேர்ந்து லோரியில் பூ ஏற்றினோம். முடிய ஒரு மணி நேரமானது. கை கழுவிவிட்டுக் காடியில் ஏறினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்.